பணம் நின்ன பிறகு என்ன பண்ணுவீங்க?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரகடத்துல ஒரு தொழிற்சாலைக்குள்ள உட்கார்ந்து பொட்டி தட்டுற வேலை. காலைல ஆறு மணிக்குத் தாம்பரத்துல பஸ் ஏறினா முடிச்சூர், படப்பை தாண்டி ஒரகடம். ராத்திரி திரும்பி வந்து விழுந்தா அடுத்த நாள் விடிஞ்சிடும். இதுல எங்க பதிவு போடுறது?

இன்னிக்கு எழுத வெச்சது ஒரு கட்டம். சுடோகு கட்டமும் இல்லை, ஜாதகக் கட்டமும் இல்லை :-) ஒரு விண்ணப்பப் படிவத்துல இருந்த கட்டம்.

என் காலேஜ் தோஸ்த் ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல இருக்கான். மெக்கானிக்கல் படிச்சிட்டு அந்தப் பக்கம் ஏன் போனான்ங்கிறது தனிக்கதை. வெளிநாட்டு அறக்கட்டளை ஒண்ணு, எச்.ஐ.வி. தடுப்பு வேலைக்கு நிதி தர்றதா அறிவிச்சிருந்துச்சு. "மச்சி, உனக்கு எக்செல் வரும், இங்கிலீஷும் வரும். ஞாயித்துக்கிழமை வந்து இதை நிரப்பிக் குடு"ன்னான். பிரியாணி வாங்கித் தர்றதா ஒப்பந்தம்.

யாருக்காக, எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவுன்னு வரிசையா நிரப்பிக்கிட்டே வந்தோம். கடைசிக் கட்டத்துல ஒரு கேள்வி: எங்கள் நிதி முடிந்தபின் இந்தப் பணியை எப்படித் தொடர்வீர்கள்?

"இதுல எல்லாரும் எதையாவது அடிச்சு விடுவாங்க. நீயும் அடிச்சு விடு"ன்னான். எனக்கு மனசு வரலை. தமிழ்நாட்டுல இந்தக் கேள்விக்கு இதுவரை யாராவது நிஜமா பதில் சொல்லியிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். பிரியாணி ஆறிப்போச்சு. ஆனா கிட்டத்தட்ட நாப்பது வருஷக் கதை ஒண்ணு கிடைச்சுது. அதைத்தான் இங்க சொல்லப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நிதியே இல்லாத ஆரம்பம்

இந்தியாவுல எச்.ஐ.வி. முதன்முதலா கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையிலதான். 1985 கடைசியில, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல நுண்ணுயிரியல் படிச்சிக்கிட்டிருந்த மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு அவங்க பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு ஆய்வுத் தலைப்பு கொடுத்தாங்க. தமிழ்நாட்டுல எய்ட்ஸ் இருக்கான்னு பார்க்கணும். அது மேலைநாட்டு நோய், நம்ம ஊருக்கு வராதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த காலம்.

நிர்மலாவோட இலக்கு 200 ரத்த மாதிரிகள். மும்பை மாதிரி சென்னையில தனியா ஒரு ஏரியா கிடையாது. பாலியல் தொழில் செய்யுற பெண்களை எங்க போய்த் தேடுறது? பொது மருத்துவமனையில பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்கள் மூலமா, அவங்களை அடைச்சு வைக்கிற அரசுக் காப்பகம் இருக்கிறது தெரிய வருது. மூணு மாசத்துல 80-க்கும் மேல மாதிரிகள் சேர்த்தாங்க. கையுறை இல்லை. சரியான ஆய்வகமும் இல்லை. பிரிச்செடுத்த சீரம் வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு. சோதிக்கிற வசதி சென்னையில இல்லாததால 1986 பிப்ரவரியில ஐஸ் பெட்டியில வெச்சு, ராத்திரி ரயில்ல வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனாங்க. டாக்டர் ஜேக்கப் ஜான் ஆய்வகத்துல சோதிச்சப்போ 6 மாதிரிகள்ல தொற்று தெரிஞ்சுது. அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி ஆச்சு. அந்த வருஷம் மே மாசம் சட்டசபையில அமைச்சர் ஹண்டே அறிவிச்சார்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு எந்த அறக்கட்டளையும் காசு கொடுக்கலை. ஒரு மாணவி, ஒரு பேராசிரியை, ரெண்டு பேரோட குடும்பம், ஒரு வேலூர் ஆய்வகம், அவ்வளவுதான். "நிதி முடிஞ்சதும் எப்படித் தொடர்வீங்க"ன்னு அவங்ககிட்ட கேட்க முடியாது. தொடங்கவே நிதி இல்லையே!

அரசாங்கத்தோட முதல் பதில் அவ்வளவு அழகா இல்லை. 1990-ல மும்பையிலேர்ந்து நூத்துக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு ரயில்ல சென்னைக்குக் கூட்டி வந்தாங்க. பரிசோதனையில தொற்று இருக்குன்னு தெரிஞ்சவங்களைக் காப்பகத்துல அடைச்சு வெச்சாங்க. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான் அவங்க வெளிய வந்தாங்க. பூட்டி வைக்கிறது தடுப்பு இல்லைன்னு புரியுறதுக்கே கோர்ட் தேவைப்பட்டுச்சு.

கடன் வந்துச்சு, கருவூலத்துல நின்னுச்சு

1992-ல மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தைத் தொடங்குது. முதல் கட்டத் திட்டத்துக்கு உலக வங்கி கொடுத்தது 8.4 கோடி டாலர். இது நன்கொடை இல்லை, கடன். வட்டி ரொம்பக் குறைவுன்னாலும் நாமதான் திருப்பிக் கட்டணும். "வெளிநாட்டுக்காரன் காசுல நடந்துச்சு"ன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும்.

இங்கதான் ஒரு எஞ்சினீயருக்குப் பிடிச்ச விஷயம் வருது. பணம் வந்துச்சு, ஆனா நகரலை. மத்திய அரசு மாநிலத்துக்கு அனுப்பும், அது மாநிலக் கருவூலத்துக்குள்ள போய் ஃபைல் ஃபைலா நின்னுக்கும். நம்ம பாஷையில சொன்னா சர்வர் நல்லாத்தான் இருக்கு, நடுவுல ஒரு க்யூ அடைச்சுக்கிச்சு. தமிழ்நாடு 1994-ல ஒரு வழி கண்டுபிடிச்சுது. சங்கப் பதிவுச் சட்டத்துல ஒரு தனிச் சங்கம் பதிவு பண்ணி, பணத்தை நேரா அதோட கணக்குக்கு வரவழைச்சாங்க. அதுதான் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். நாட்டுலேயே முதல் சங்கம் இதுதான். 1999-ல ரெண்டாம் கட்டத் திட்டம் வந்தப்போ மத்த மாநிலங்களும் இதே மாதிரி சங்கம் அமைச்சாங்க. நோயை எதிர்த்து தமிழ்நாடு செஞ்ச பெரிய வேலைகள்ல ஒண்ணு, மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, ஒரு வங்கிக் கணக்கு!

அமெரிக்கப் பணமும் லாரி டிரைவரும்

அதே 1992-ல இன்னொரு ஒப்பந்தம். அமெரிக்க அரசோட யூஎஸ்எய்டு, இந்திய அரசு, அடையாறு பக்கம் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கின வி.எச்.எஸ். மருத்துவமனை, மூணு பேரும் சேர்ந்து போட்டது. பேரு 'ஏபாக்' திட்டம். முதல்ல 1 கோடி டாலர். 1995-லதான் களத்துல வேலை ஆரம்பிச்சுது. வி.எச்.எஸ். பணத்தை வாங்கி, மாநிலம் முழுக்க இருந்த சின்னச் சின்ன தொண்டு நிறுவனங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்து, பயிற்சியும் கொடுத்துச்சு. லாரி டிரைவர், கிளீனர், பாலியல் தொழிலாளிகள், சேரிவாழ் மக்கள்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வேலை. 1996-லேர்ந்து மக்களோட நடத்தை மாறுதான்னு கணக்கெடுப்பும் எடுத்தாங்க. பணம் கொடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம்னு விட்டுடாம, ஆணுறை பயன்படுத்துறது கூடிச்சான்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மரியாதை வந்துச்சு.

புள்ளிராஜா ஞாபகம் இருக்கா? "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு சுவரெல்லாம் எழுதியிருந்தது. மும்பையில பல்பீர் பாஷாவைப் பத்திக் கேட்ட அதே கேள்விதான் இங்க புள்ளிராஜாவா வந்துச்சு. நான் அப்போ ரொம்பச் சின்னப் பையன். எங்க தெருவுல ராஜான்னு பேர் இருந்த ஒரு அண்ணனை எல்லாரும் அப்படியே கூப்பிட்டு அழ வெச்சதுதான் ஞாபகம். எய்ட்ஸைப் பத்திப் பேச வெச்சது நல்ல விஷயம். ஆனா கூடவே ஒரு கேலியையும் கத்துக்கொடுத்துடுச்சு.

இந்தக் காலத்துல காசு இல்லாமலே நடந்த வேலையும் இருக்கு. 1998-ல நாமக்கல் பி. கௌசல்யா, தன்னை மாதிரி தொற்றோட வாழுற பெண்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. கல்யாணத்தால தொற்று வந்த பெண்கள் வெளிய வந்து பேசினது அப்போ எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

பில் கேட்ஸ் வந்தார், போனார்

2002 நவம்பர்ல பில் கேட்ஸ் இந்தியா வந்து 10 கோடி டாலர் அறிவிச்சார். 2003-ல 'ஆவஹன்'ங்கிற பேர்ல 6 மாநிலங்கள்ல தொடங்குச்சு. முதல் அஞ்சு வருஷத்துக்கான தொகை அப்புறம் 25.8 கோடி டாலர் ஆச்சு. தமிழ்நாட்டுப் பகுதியை இங்கயும் வி.எச்.எஸ்.தான் பார்த்துக்கிச்சு. நெடுஞ்சாலைகள்ல லாரி டிரைவர்களுக்கான வேலையை ஒரு பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தோட அறக்கட்டளை எடுத்துக்கிச்சு. பாலியல் தொழில் செய்யுற பெண்களையும் திருநங்கைகளையுமே சக ஊழியர்களா நியமிச்சு, அவங்களே கணக்கு எழுதி, அவங்களே தங்களோட ஆட்களைப் பார்த்துக்கிற முறை பெரிய அளவுல பரவுச்சு.

பலன் இருந்துச்சா? 2006-ல லான்செட் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. தென் மாநிலங்கள்ல 15-லேர்ந்து 24 வயசு கர்ப்பிணிகள்கிட்ட தொற்று 2000-ல 1.7 சதவீதமா இருந்தது, 2004-ல 1.1 ஆகக் குறைஞ்சிருந்துச்சு. ஆவஹன் வேலை முழுசா சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிருக்கு பாருங்க. அதனால பெருமை ஒருத்தருக்கு மட்டும் இல்லை. 2011-ல அதே லான்செட்ல வந்த இன்னொரு ஆய்வு, 2003-லேர்ந்து 2008 வரைக்கும் ஆவஹனால சுமார் 1 லட்சம் பேருக்குத் தொற்று வராம தடுக்கப்பட்டதா மதிப்பிட்டுச்சு.

ஆனா என் கட்டத்துக்கு வேண்டிய பதில் இதுல இல்லை. அடுத்ததுல இருந்துச்சு. வேலையை அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கிறதுன்னு முதல்லேர்ந்தே பேச்சு. 2009-ல ஒரு பகுதி, 2011-ல ஒரு பகுதி, 2012-ல மிச்சப் பெரும்பகுதின்னு மூணு தவணையா கை மாத்தினாங்க. கை மாத்துறதுக்கு முன்னாடியே சம்பளம், ஆள் எண்ணிக்கை, செலவு எல்லாத்தையும் அரசு அளவுக்கு இறக்கிப் பழக்கினாங்க. நம்ம ஆபீஸ்ல ப்ராஜெக்ட் ஹேண்ட்ஓவர்னு கடைசி வாரத்துல ரெண்டு மீட்டிங் போட்டு முடிப்போமே, அப்படி இல்லை. வருஷக்கணக்குல பண்ணாங்க. உலகத்துல நிறைய நன்கொடைத் திட்டங்கள் கதவைச் சாத்திட்டுப் போயிடும். இங்க சாவியையாவது ஒருத்தர் கையில கொடுத்துட்டுப் போனாங்க.

கண்ணுக்குத் தெரியுறதும் தெரியாததும்

நான் தினமும் பஸ் ஏறுற இடத்துக்குப் பக்கத்துல தாம்பரம் சானடோரியம். 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. மத்த இடங்கள்ல தொட மறுத்த எச்.ஐ.வி. நோயாளிகளை 1993-லேர்ந்து சேர்த்துக்கிட்ட இடம். 2001-ல சிப்ளா நிறுவனம் மூணு மருந்துக் கூட்டை ஒரு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர்றதா சொல்லி உலக விலையையே கவுத்துச்சு. 2004 ஏப்ரல் 1 அன்னிக்கு இந்திய அரசு 8 ஆஸ்பத்திரிகள்ல இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பிச்சப்போ தாம்பரமும் அதுல ஒண்ணு. 2011-ல 9 நாடுகள்ல 1,763 ஜோடிகளை வெச்சு நடந்த ஆய்வு, மருந்தைச் சீக்கிரமே ஆரம்பிச்சா துணைக்குத் தொற்றுறது 96 சதவீதம் குறையுதுன்னு காட்டுச்சு. அந்த ஆய்வு நடந்த இடங்கள்ல ஒண்ணு, சுனிதி சாலமன் 1993-ல சென்னையில ஆரம்பிச்ச ஒய்.ஆர்.ஜி. மையம். வீட்டு ஃபிரிட்ஜ்ல ஆரம்பிச்ச கதை எங்க வந்து நிக்குது பாருங்க.

மருந்துக்கு நிதி கேட்கிறது ஓரளவு சுலபம். மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடக்கிற மனுஷனை போட்டோ எடுக்கலாம். தடுப்புக்கு அந்த வசதி கிடையாது. தொற்று வராமப் போன ஆளுக்கே அது தெரியாது. நல்லா வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணுமே நடக்காததுக்கு எதுக்குக் காசுன்னு அடுத்த பட்ஜெட்ல கேட்பாங்க. சாஃப்ட்வேர்ல டெஸ்டிங் டீமுக்கு நடக்கிறதேதான்.

அப்படியேதான் நடந்தும் இருக்கு. 2013 கம்பெனிச் சட்டத்துல, நிறுவனங்கள் லாபத்துல 2 சதவீதம் செலவழிக்க வேண்டிய சமூகப் பணிகள் பட்டியல்ல எச்.ஐ.வி., எய்ட்ஸ், மலேரியா ஒழிப்புன்னு பேர் சொல்லியே ஒரு வரி இருந்துச்சு. 2014 பிப்ரவரியில பட்டியலை மாத்தி எழுதினப்போ அந்தப் பேர் போயிடுச்சு. நோய்த்தடுப்பு, சுகாதாரம்னு பொதுவான வார்த்தை வந்துடுச்சு. சட்டம் நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 1. அதாவது அந்த வரி ஒருநாள்கூட வேலை செய்யலை. இன்னும் அந்தப் பொது வார்த்தைக்குள்ள எச்.ஐ.வி. தடுப்பு வரும், தடை ஒண்ணும் இல்லை. ஆனா பேர் இல்லாத விஷயத்தை யார் தேடி வந்து செய்வாங்க?

அதே 2014-ல மத்திய அரசுப் பணம் நேரா சங்கக் கணக்குக்குப் போறதை மாத்தி, மாநிலக் கருவூலம் வழியா அனுப்ப ஆரம்பிச்சாங்க. 1994-ல நம்மாளுங்க சுத்திப் போன அதே க்யூ! பல மாநிலங்கள்ல களப்பணியாளர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போச்சு. 2020-ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் வந்துச்சு. பெரிய நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை வாங்கிச் சின்ன நிறுவனங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற வழி அத்தோட அடைஞ்சுது. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வெச்சுது, ஜூலை 1-ல யூஎஸ்எய்டு அமைப்பே இல்லாமப் போச்சு. ஐதராபாத், கல்யாண், புனே மூணு ஊர்லயும் திருநங்கைகளுக்காக அந்தப் பணத்துல நடந்த கிளினிக்குகள் மூடப்பட்டுச்சு.

ஆப்பிரிக்காவுல பல நாடுகள் மருந்துக்கே திண்டாடினப்போ இந்தியாவுல அந்த அளவு அடி விழலை. காரணம் இப்போ தேசியத் திட்டத்தோட பெரும் பங்கு நம்ம சொந்தக் காசு. 2021-லேர்ந்து 2026 வரைக்குமான அஞ்சாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கினது 15,471.94 கோடி ரூபாய். கடன்ல ஆரம்பிச்ச வேலை வரிப்பணத்துக்கு வந்து சேர்ந்துடுச்சு. "பணம் நின்ன பிறகு என்ன பண்ணுவீங்க"ங்கிற கேள்விக்கு வரலாறு சொல்ற முதல் பதில் இதுதான்: அரசாங்கத்தை ஏத்துக்க வைக்கணும், அதையும் பணம் நிக்கிறதுக்கு முன்னாடியே பழக்கணும்.

ஒரகடம் ரோட்டுல

ரெண்டாவது பதிலை ஒரு அக்கா சொன்னாங்க. தோஸ்த் வேலை செய்யுற இடத்துக்கு அன்னிக்கு வந்திருந்தாங்க. பழைய திட்டம் ஒண்ணுல பெங்களூரு ஹைவேயில லாரி டிரைவர்கள்கிட்ட பேசுற களப்பணியாளரா இருந்தவங்க. திட்டம் முடிஞ்சதும் வேலை போச்சு, இப்போ ஒரு கேன்டீன்ல இருக்காங்க.

"அப்புறம் எல்லாம் நின்னு போச்சாக்கா?"ன்னு கேட்டேன்.

"சம்பளம் நின்னுச்சு தம்பி. நான் போன் நம்பரை மாத்தலை. இன்னும் யாராவது கூப்பிடுவாங்க. எங்க போய் டெஸ்ட் எடுக்கிறதும்பாங்க. ஜி.எச்.ல நம்பிக்கை மையம் இருக்கு, காசு கிடையாது, பேரு வெளிய போகாதுன்னு சொல்லுவேன். பயந்தா கூடப் போவேன்."

எந்தப் படிவத்துலயும் இந்தப் போன் நம்பருக்குக் கட்டம் இல்லை.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில முதல் சான்ட்ரோ வெளிய வந்தப்போ இருந்த ஊர் இல்லை இது. கார், லாரி, டயர், போன்னு வரிசையா ஆலைகள். ஒடிசா, பிகார், அசாம் பசங்க ஒரே ரூம்ல எட்டுப் பேர். 2024-ல வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற விடுதியே திறந்தாச்சு. இடம்பெயர்ந்த தொழிலாளர்களையும் லாரி டிரைவர்களையும் எய்ட்ஸ் திட்ட பாஷையில 'பாலம்'னு சொல்லுவாங்க, நோய் கடக்கிற பாலம்னு அர்த்தம். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கலை. வீட்டை விட்டு வந்து நைட் ஷிஃப்ட் பார்க்கிற பையன் நோயோட பாலம் இல்லை. அவன் பாஷையில பேச ஆள் இல்லாதவன், லீவு கிடைக்காததால டெஸ்ட்டுக்குப் போக முடியாதவன். 2018-ல நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக் கூடாது, தொற்றுன்னு வேலையை விட்டு எடுக்கக் கூடாது. இதை ஒடியாவிலயும் இந்தியிலயும் எத்தனை கேட்ல எழுதி வெச்சிருக்காங்க?

கடைசியில அந்தக் கட்டத்துல நாங்க எழுதினது இதுதான். தனி கிளினிக் கட்ட மாட்டோம், பக்கத்து அரசு நம்பிக்கை மையத்தோட நடமாடும் பரிசோதனையை ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு வரவழைப்போம். வெளியாட்களைக் கூட்டி வராம, அந்தந்த விடுதியில இருக்கிறவங்களுக்கே அவங்க பாஷையில பயிற்சி கொடுப்போம். முதல் வருஷமே ரெண்டு ஆலைகள்கிட்ட ஒரு பங்கு கேட்போம், ரெண்டாம் வருஷம் அது பாதியாகணும். பணம் நின்னா போஸ்டர் போயிடும், பயிற்சி எடுத்த ஆள் இங்கேயே இருப்பார். கூடவே அந்த அக்காவுக்கு ஒரு சம்பளமும் போட்டிருக்கோம், போன் செலவோட சேர்த்து.

அறக்கட்டளைகிட்டேர்ந்து இன்னும் பதில் வரலை. வந்தா சொல்றேன்.

பி.கு: ஆலைகள்ல மனிதவளத் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க சமூகப்பணி கமிட்டி அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு தடவை இந்தப் பேச்சை எடுங்க. மரம் நடுறது நல்லதுதான். அதுக்கப்புறம் இதையும் கேளுங்க.